பதினொரு மணிச் சிவப்பு

பேருந்து வருவதற்குள் அக்கா மூன்று ஓடுகளைப் பார்த்து முடித்துவிட்டார். தோளில் தொங்கும் சாக்குத்துணிப் பைக்குள் பார்க்காமலே கையை விட்டு ஒன்றை எடுப்பார். சுவரில் பதிக்கிற, உள்ளங்கை அகலப் பீங்கான் ஓடு. அதை வெயிலில் நேராகப் பிடிப்பார், கொஞ்சம் சாய்ப்பார், இன்னும் சாய்ப்பார், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு பைக்குள் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பார். மூன்றாவது ஓட்டின் ஒளி பக்கத்தில் நின்றவர் கண்ணில் பாய்ந்து, அவர் "என்னம்மா இது?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மஞ்சளாவே நிக்குது பாருங்க, அசைய மாட்டேங்குது" என்று அந்த மனிதரிடமே புகார் சொன்னார் அக்கா. அவருக்கு என்ன புரியும்? பேருந்து வந்தது. இரண்டு இருக்கைகள் காலியாக இருந்தும் அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேட்டி எடுக்கப் போன பாவத்துக்கு நானும் நின்றேன்.

இவரைப் பற்றி எழுதித் தரும்படி பத்திரிகையில் சொன்னபோது ஒரு மணி நேர வேலை என்று நினைத்திருந்தேன். அவர் ஒரு நாற்காலியில், நான் ஒரு நாற்காலியில், நடுவில் தேநீர். மூன்று வாரம் ஆகிவிட்டது. குறிப்புகள் அத்தனையும் நடந்துகொண்டே கிறுக்கியவை, எனக்கே படிக்க வரவில்லை. அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒடிசலான உடம்பு. பையைச் சுமந்து சுமந்து இடது தோள் வலதைவிட ஒரு விரற்கடை தாழ்ந்திருக்கிறது. வலது கை விரல்களில் மூன்றின் நுனி கறுப்பு. எந்தச் சோப்புக்கும் அசையாது, தோல் உரிந்தால்தான் போகும், போவதற்குள் அடுத்த கறுப்பு ஏறிவிடும். அந்தப் பை தோளைவிட்டு இறங்கி நான் பார்த்ததில்லை. பட்டறையிலும் இல்லை, வீட்டில் சாப்பிடும்போதும் இல்லை. "இறக்கி வைங்களேன் அக்கா" என்று ஒருநாள் பொறுக்காமல் சொன்னேன். "கிளம்பணுமே" என்றார். எங்கே என்று கேட்பதற்குள் கிளம்பிவிட்டார்.

வேலை, ஓடுகளுக்கு லஸ்டர் என்கிற உலோக மினுக்குப் பூசுவது. மெருகேற்றி ஏற்கனவே சுட்டெடுத்த வெள்ளை ஓட்டின் மேல், உலோக உப்பைச் செம்மண்ணில் குழைத்துத் தடவி, சூளையில் காற்றை அடைத்துப் புகையில் இன்னொரு முறை சுட வேண்டும். வெளியே வரும்போது கரிந்த மண் அப்பிக்கொண்டு பார்க்கச் சகிக்காது. ஈரத் துணியால் அழுத்தித் தேய்த்தால் மண் விட்டுப்போகும், அடியிலிருந்து தங்க நிறமோ செம்போ வானவில்லோ எட்டிப் பார்க்கும். எட்டிப் பார்க்கப் போவது எது என்பதுதான் அக்காவின் தூக்கத்தைக் கெடுக்கிற விஷயம். ஓட்டுத் தொழிற்சாலை ஒன்றில் பெட்டி கட்டும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவர், பக்கத்துக் கூடத்தில் யாரோ ஓட்டைத் தேய்ப்பதை ஒருநாள் வேடிக்கை பார்த்துவிட்டு அன்றைக்கே பிரிவை மாற்றச் சொல்லி நச்சரித்தாராம். பள்ளிக்கூடத்தில் வேதியியல் படித்ததில்லை. சூளை சொல்லித் தந்ததுதான் எல்லாம்.

பட்டறை அலமாரியில் நாற்பது ஜாடிகள் இருக்கும். வெள்ளி என்றால் ஒரே வெள்ளி இல்லை, செம்பு என்றால் ஒரே செம்பு இல்லை. எதோடு சேர்ந்த வெள்ளி, எதோடு சேர்ந்த செம்பு என்பதில் இருக்கிறது சூட்சுமம். கேட்டால் புகுந்த வீட்டு ஆட்களைப் பற்றிச் சொல்கிற தோரணையில் சொல்வார்.

"கார்பனேட்டு தங்கமான ஆளு. போட்ட இடத்துல போட்டபடி இருக்கும். கரையாது, ஓடாது, ஒரு வம்புக்கும் போகாது. நைட்ரேட்டு அப்படி இல்ல. தண்ணியக் கண்டா போதும், கரைஞ்சு உள்ள இறங்கிடும். விரலக்கூட விடாது, இங்க பாருங்க. சல்ஃபேட்டு கோவக்காரன், சூடு ஏற ஏற நாத்தமடிக்கிற புகையாக் கக்குவான். பிஸ்மத்து சாது. தனியா விட்டா முத்து மாதிரி வெளுப்பா ஒரு மினுக்கு குடுக்கும், அவ்வளவுதான்."

"குளோரைடு?" என்று கேட்டேன், ஏதோ எனக்கும் தெரியும் என்று காட்டிக்கொள்ள.

முகம் மாறிவிட்டது. "அந்தப் பேச்சே எடுக்காதீங்க. ஊர்சுத்தி! சூடு பட்டதும் கிளம்பிடும். பக்கத்து டைல்ஸ், எதிர்த்த டைல்ஸ், சூளைச் சுவருன்னு எல்லார் மேலயும் போய் உக்காந்துக்கும். ஒருவாட்டி தகரக் குளோரைடு வச்சுச் சுட்டேன். இன்னொருத்தர் சுடக் குடுத்த அறுபது தட்டும் எண்ணெய் படிஞ்ச மாதிரி மினுங்கிட்டு வந்துச்சு. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், என் அலமாரியில அதுக்கு இடம் கிடையாது." இப்படிச் சொல்லிக்கொண்டே பட்டறையை நான்கு சுற்று சுற்றிவிட்டார்.

இந்தக் கதையை அவர் கணவரிடம் சொன்னபோது படுத்த வாக்கிலேயே சிரித்தார். "குளோரைடைப் பத்தி எனக்கா சொல்றீங்க? முப்பத்தஞ்சு வருஷம் அதோட குடும்பம் நடத்தியிருக்கேன்."

அவர் படுத்திருந்த இடத்துக்கு வருகிறேன். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு ஒன்றரை வருடமாகிறது. வாரத்தில் மூன்று நாள், காலை ஒன்பதிலிருந்து பகல் ஒரு மணி வரை, மருத்துவமனையின் டயாலிசிஸ் கூடத்தில் சாய்வு நாற்காலியில் கிடக்க வேண்டும். கையிலிருந்து இரத்தம் ஒரு குழாயில் இயந்திரத்துக்குப் போய், சுத்தமாகி இன்னொரு குழாயில் திரும்பி வரும். எட்டு நாற்காலிகள், எட்டு இயந்திரங்கள். எதிரே முழுநீளத்துக்கு ஒரு சுவர். அதில் பதித்திருக்கிற தொள்ளாயிரத்துச் சொச்சம் ஓடுகளும் அக்கா செய்தவை. பத்தொன்பது வருடங்களுக்கு முன், இந்த இடம் வெறும் வரவேற்புக் கூடமாக இருந்தபோது செய்தது. தன் வீட்டுக்காரர் ஒருநாள் அதன் எதிரில் வந்து கிடப்பார் என்று அவர் நினைத்தாரா என்ன?

காலையில் போய்ப் பார்த்தால் அந்தச் சுவர் சாம்பல் கலந்த வெளுப்பு. பத்து மணிவாக்கில் வைக்கோல் மஞ்சள். பதினொன்றுக்கு வெயில் கூரையோரக் கண்ணாடி வழியாகச் சாய்வாக விழும்போது, சுவர் முழுக்கத் திராட்சை ரசச் சிவப்பு ஏறும். நான் முதல்முறை பார்த்தபோது எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

ஓட்டுநர் அந்தச் சுவரை வைத்து வண்டி ஓட்டுகிறார். "வெளுப்பா இருந்தா டிப்போவ விட்டு வெளிய வர்றேன். மஞ்சளாச்சுன்னா பாலம் ஏறியாச்சு. செவந்துச்சுன்னா மார்க்கெட்டு. பாதி தூரம் முடிஞ்சுது, அப்புறம் இறக்கம்தான், வண்டி தானாப் போகும்." எப்போதும் சரியாகப் பதினொன்றுக்கா சிவக்கும் என்று கேட்டேன். "சில மாசம் பத்தே முக்கால், சில மாசம் பதினொண்ணே கால். அப்ப வண்டி லேட்டுன்னு வச்சுக்குவேன்."

நான்கு மாதங்களுக்கு முன் சுவருக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய் வெடித்தது. பழுது பார்க்க வந்தவர்கள் நட்டநடுவில் நாற்பத்திரண்டு ஓடுகளை உடைத்து எடுத்தார்கள். சரியாக ஓட்டுநரின் நாற்காலிக்கு எதிரே ஒரு சிமெண்ட் பள்ளம். மருத்துவமனை நிர்வாகி கெட்டவர் இல்லை, ஆனால் கறாரானவர். "ஒட்டுப் போட்டது தெரியக்கூடாதும்மா. தெரிஞ்சா பாக்கிறவங்களுக்கு என்னவோ மாதிரி இருக்கும். அப்புறம் மொத்தத்தையும் எடுத்துட்டு வெள்ளை டைல்ஸ் போட்டுடுவோம். மாசக் கடைசியில அதுக்கு ஆள் வர்றாங்க" என்று தேதியும் சொல்லிவிட்டார்.

"வெள்ளச் சுவர் வந்துட்டா எனக்கு வழி தெரியாமப் போயிடுங்க" என்று ஓட்டுநர் என்னிடம் சொன்னார். அக்கா அப்போது பக்கத்தில் இல்லை. இருக்கவே மாட்டார். வருவார், போர்வையை இழுத்து விடுவார், "குளுருதா?" என்பார், ஒரு ஓட்டை எடுத்துச் சுவரோடு ஒப்பிட்டுப் பார்ப்பார், "இதோ வந்துட்டேன்" என்று போய்விடுவார். அந்த "இதோ" ஒரு மணிக்குத்தான் முடியும். "நாலு மணி நேரத்துல நாலு நிமிஷம் சேந்தாப்ல இருந்ததில்ல" என்றார் அவர், குறையாகக்கூட இல்லாமல்.

மருத்துவமனைப் படிகளில் அவருக்குப் பின்னாலேயே இறங்கிக்கொண்டு இதைக் கேட்டேன். அக்கா திரும்பவில்லை. "அந்தக் குழாயில ரத்தம் போறதப் பாத்துட்டு என்னால உக்கார முடியாது. கையில ஒரு வேலை இருந்தாத்தான் உள்ள வரவே கால் வருது. போதுமா, எழுதிக்கிட்டீங்களா?" என்றார். கோபம் மாதிரித்தான் இருந்தது குரல். எனக்குக் கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

அக்காவின் பழைய நோட்டில் அந்தச் சுவர் ஓடுகளின் கணக்கு தெளிவாக இருக்கிறது. வெள்ளி நைட்ரேட் இவ்வளவு, செம்பு கார்பனேட் இவ்வளவு, செம்மண், வினிகர், தண்ணீர். ஒரு குன்றிமணி பிசகாமல் அப்படியே செய்தார். பித்தளை மாதிரி ஒரு மஞ்சள் வந்தது. எப்படிச் சாய்த்தாலும் மஞ்சள், வெயிலிலும் மஞ்சள், பதினொரு மணிக்கும் மஞ்சள். செம்பு கார்பனேட்டை எடுத்துவிட்டுச் சல்ஃபேட்டைப் போட்டார். பச்சை அடித்தது. செம்பு ஆக்சைடு போட்டார். கறுத்தது. வெள்ளியையும் கார்பனேட்டாக மாற்றினார். கொஞ்சம் பிஸ்மத் சேர்த்தார். செம்மண்ணைச் சந்தேகப்பட்டு மூன்று இடத்து மண்ணை வரவழைத்தார். புகைக்கு மரச்சீவல், உலர்ந்த புல், பழைய செய்தித்தாள். நம் பத்திரிகையின் பழைய இதழ்களையும் போட்டுப் பார்த்ததாகச் சொன்னார். "அதுல புகை அதிகம்." இருபத்தாறு சோதனை, இருபத்தாறும் மஞ்சளில் ஏதோ ஒரு மஞ்சள். தோற்றதைத் தூக்கிப் போடுவதில்லை. பின்பக்கம் ஆணியால் எண் கீறிப் பைக்குள் போட்டுக்கொள்வார். அந்தக் கனம்தான் அந்தத் தோளில்.

மாசக் கடைசிக்குப் பதினோரு நாள் இருந்தபோது நடந்தது இது. கூடத்தில் அன்று ஒரு புதிய நோயாளியைச் சேர்த்திருந்தார்கள். பயந்துபோன ஒரு பெரியவர், கூடவே அவர் மகள். நடைவழியில் இருபத்தேழாவது ஓட்டோடு அக்கா நின்றுகொண்டிருக்க, நர்ஸ் தள்ளிக்கொண்டு வந்த வண்டி அந்தப் பையில் டங்கென்று முட்டியது. மருத்துவமனையில் எல்லோருக்கும் அக்காவைத் தெரியும், யாரும் அதட்டியதில்லை. அன்றைக்கு நர்ஸுக்கும் பொறுமை போய்விட்டது. "அக்கா, ஒண்ணு உக்காருங்க, இல்ல வெளிய நில்லுங்க. நடுவுல நின்னா நான் எப்படி வேலை பாக்கிறது?"

வெளியே போவார் என்று நினைத்தேன். என்னவோ, ஓட்டுநரின் நாற்காலியோரம் கிடந்த முக்காலியில் நுனியில் உட்கார்ந்தார். பை தோளிலேயே இருந்தது. பார்வை தரையில். நர்ஸ் புதியவரின் மகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். எல்லாப் புதியவர்களுக்கும் சொல்வதுதான், ஓட்டுநர் அதை மனப்பாடமாகவே சொல்வார்.

"பயப்படாதீங்க. மெஷினுக்குள்ள போறது சாதாரணக் குழாய்த் தண்ணி இல்ல. குழாய்த் தண்ணியில உப்பு இருக்கும், குளோரைடு இருக்கும், மருந்தும் கலந்திருப்பாங்க. கண்ணுக்கே தெரியாது. அதெல்லாம் எடுத்துட்டு, டெஸ்ட் பண்ணித்தான் விடுவோம்."

"குளோரைடா?" என்றார் அக்கா.

"ஆமாக்கா, எல்லாக் குழாய்த் தண்ணியிலயும் இருக்கும். ஏன்?"

அக்கா எழுந்துவிட்டார். "இதோ வந்துட்டேன்" என்றது வாசலுக்கு வெளியேயிருந்து கேட்டது. பின்னால் ஓடினேன். இந்தக் கட்டுரைக்காக நான் தேய்த்த செருப்புக்குப் பத்திரிகைதான் பதில் சொல்ல வேண்டும்.

பட்டறையில் மூன்று வருடமாகச் சுத்திகரிப்பான் ஒன்று இருக்கிறது. மருமகன் வாங்கி மாட்டியது. நல்ல பிள்ளை. அந்தப் பகுதிக் குழாய்த் தண்ணீர் தேநீர் போட்டாலே உப்புக் கரிக்கும், கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படியும். அத்தைக்கு நல்ல தண்ணீர் வேண்டும் என்று அவர் செலவழித்து மாட்டி, மாதம் ஒருமுறை தானே வந்து வடிகட்டியைக் கழுவியும் வைக்கிறார். அன்றிலிருந்து அக்கா குடிப்பதும் அதில்தான், பூச்சு குழைப்பதும் அதில்தான். நோட்டில் "தண்ணீர்" என்றுதானே எழுதியிருக்கிறது!

இரண்டு கண்ணாடித் தம்ளர்களைக் கழுவித் துடைத்தார். ஒன்றில் சுத்திகரிப்பானின் தண்ணீர். மற்றதில், துருப்பிடித்துத் திறக்க மறுத்த பழைய குழாயைத் துணி சுற்றித் திருகிப் பிடித்த தண்ணீர். இரண்டும் ஒரே தெளிவு. வெள்ளி நைட்ரேட் ஜாடியைத் திறந்து கரண்டி நுனியால் இரண்டிலும் ஒவ்வொரு சிட்டிகை போட்டார். முதல் தம்ளரில் கரைந்து காணாமல் போனது. இரண்டாவதில், விழுந்த இடத்திலிருந்தே பால் ஊற்றியது போல வெளுத்துப் புகைந்து கீழே இறங்கியது.

அக்கா அசையவில்லை. அவர் அசையாமல் நின்று நான் பார்த்தது அன்றுதான்.

"நான் பாட்டில்ல இருந்து எடுத்துப் போட்டது நைட்ரேட்டு. அப்ப இந்தக் குழாய்த் தண்ணி பட்டதும் அது குளோரைடா மாறியிருக்கு. செம்மண்ணுல நேராப் போட்டுக் குழைச்சா இந்த வெளுப்பு எங்க தெரியும்?" வெளுத்த தம்ளரை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். "தொள்ளாயிரம் டைல்ஸ்லயும் உக்காந்திருக்கிறது அந்த ஊர்சுத்திதான். அலமாரியில இடம் இல்லேன்னு சொல்லிட்டு, பத்தொம்பது வருஷமா சுவர் பூரா வச்சிருக்கேன்." பிறகு கடகடவென்று சிரித்தார். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார், கறுத்த விரல் படாமல் புறங்கையால்.

அதற்கப்புறம் எட்டு நாள் அவரைப் பிடிக்க முடியவில்லை. குழாய்த் தண்ணீரில் குழைத்த முதல் சோதனை ஓட்டைத் தேய்த்தபோது சிவப்பு எட்டிப் பார்த்தது, ஆனால் ஓரங்களில் மட்டும். தண்ணீரைக் கூட்டினார், நடுவரைக்கும் வந்தது. புகையை ஐந்து நிமிடம் குறைத்தார். உடைந்தாலும் இருக்கட்டும் என்று அறுபது ஓடுகளாகச் சூளை ஏற்றினார். இடையில் வடிகட்டி கழுவ வந்த மருமகன், பழைய குழாய் திறந்து ஓடுவதைப் பார்த்துப் பதறிவிட்டார்.

"அத்தை, அந்தத் தண்ணி நல்லதில்ல அத்தை!"

"எனக்கு நல்லதில்ல மாப்ள. டைல்ஸுக்கு நல்லது. நீங்க உங்க ஃபில்டரக் கழுவுங்க, அது எனக்கு வேணும்" என்றார் அக்கா. மருமகன் என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்துக்கு விடுமுறை. கொத்தனார் அன்றே நாற்பத்திரண்டையும் பதித்துவிட்டார். ஞாயிறு முழுக்கக் கூடத்தில் விளக்கு வெளிச்சம்தான், வானம் மூடிக் கிடந்தது. எல்லா ஓடும் ஒரே வெளுப்பு. வெயில் வராமல் ஒன்றும் சொல்ல முடியாது.

திங்கள்கிழமை வானம் வெளுத்திருந்தது. எட்டு நாற்காலியும் நிறைந்திருந்தன. நிர்வாகி கதவில் சாய்ந்து நின்றார். மறுநாள் அவருடைய ஆட்கள் வருகிற நாள். பத்து மணிக்கு மஞ்சள் வந்தது. அக்கா வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். பத்து ஐம்பதுக்கு உள்ளே வந்தவர் சுவர்ப் பக்கம் பார்க்கவே இல்லை. முதுகைச் சுவருக்குக் காட்டிக்கொண்டு, ஓட்டுநரின் முகத்தைப் பார்த்து நின்றார்.

"நான் பாக்க மாட்டேன். நீங்க சொல்லுங்க."

"சொல்றேன், நில்லு."

கூரையோரக் கண்ணாடியில் வெயில் ஏறியது. இடது மூலையில் முதலில் சிவந்தது. அது மெதுவாக நகர்ந்து நடுப்பகுதிக்கு வந்தது. ஓட்டுநர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். வரிசை வரிசையாகப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். மறுபடியும் முதல் வரிசைக்குப் போனார். அக்காவின் கை பையின் வாரை இறுக்கிப் பிடித்திருந்தது.

"என்னங்க? எங்க நிக்குது?"

"மார்க்கெட்டு வந்தாச்சு" என்றார் அவர், கண்ணை எடுக்காமல். இன்னும் தேடிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "ஏம்மா, புதுசு எதும்மா?"

அக்கா அப்போதும் திரும்பிப் பார்க்கவில்லை. பையைத் தோளிலிருந்து கழற்றினார். உள்ளே ஓடுகள் ஒன்றோடொன்று மோதிச் சத்தமிட்டன. அதை அவருடைய நாற்காலிக்கு அடியில் காலால் தள்ளிவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டார்.